லூவான் குசேரா செய்த விளக்கு

2010ஆம் ஆண்டு மார்ச் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை மூன்றேகாலுக்கு, நெப்ராஸ்கா மாநிலம் கிராண்ட் ஐலண்டில் கோனிக் தெருவிலுள்ள லூவான் குசேராவின் வீட்டுக்குள் கடல் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. ஏழு மணிக்குள் வடிந்துவிட்டது. அன்று வடமேற்குக் காற்று மணிக்குப் பதினெட்டு மைல். பிளாட் ஆற்று மணல்திட்டுகளில் இறங்கியிருந்த கொக்குகள் சுமார் இரண்டு லட்சம். மக்காச்சோளம் விலை, இருபத்தைந்து கிலோ கொண்ட புஷலுக்கு மூன்று டாலர் நாற்பது சென்ட். எங்கள் ஊர்ப் பெயரில்தான் தீவு இருக்கிறதே தவிர, எந்தத் திசையில் வண்டியை ஓட்டினாலும் கடலைப் பார்க்க ஒன்றரை நாள் ஆகும். ஆனாலும் வந்தது கடல்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. லூவானின் கணவன் டுவேனுடைய இரண்டு ஷூக்களும் வரவேற்பறையிலிருந்து சமையலறை வரை மிதந்து போய், குளிர்பதனப் பெட்டியில் முட்டி நின்றன. கம்பளம் நனையவில்லை. நடந்தால் தண்ணீர் காலை இழுத்துப் பிடித்தது. காலைத் தூக்கினால் உலர்ந்திருந்தது, முழங்காலுக்குக் கீழே ஒரு வெள்ளை உப்புக் கோடு மட்டும் இருந்தது. டுவேன் அந்தக் கோட்டை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “உப்புதான்” என்று சொல்லித் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினான்.

அதற்குக் காரணம் அன்று மதியம் முதன்முதலாக ஏற்றப்பட்ட ஒரு விளக்கு. அதைச் செய்தவர்கள் இரண்டு பெண்கள். வயலைச் சுற்றிவந்து தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்களைச் செய்கிற தொழிற்சாலையில், அவற்றின் மின்பலகைகளுக்கு ஒயர் கோக்கும் மேசையில், லூவானும் ரோண்டா மார்ட்டென்சனும் பத்தொன்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவர்கள். லூவானுக்கு அப்போது ஐம்பத்தொன்று. ரோண்டா இரண்டு வயது இளையவள், விவாகரத்தானவள், மூன்று தெரு தள்ளி கிளார்க் தெரு முனையில் தனியாக இருந்தாள். ஒருத்தி தும்மினால் மற்றவள் கைக்குட்டையை நீட்டுவாள். ஒருத்தி சொல்ல ஆரம்பித்ததை மற்றவள் முடிப்பாள். மேற்பார்வையாளர்கள் இருவரையும் ஒரே பெயரால் கூப்பிட்டார்கள், யார் நிமிர்ந்தாலும் அவர்களுக்குச் சரிதான்.

லூவான் கடலைப் பார்த்ததில்லை. ரோண்டா தேனிலவின்போது கால்வெஸ்டன் கடற்கரையில் ஒருமுறை பார்த்திருந்தாள். “பழுப்பா இருந்துச்சு. அவனும் அப்படித்தான் இருந்தான்” என்பதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. இறந்துபோன ஒரு பல் மருத்துவரின் வீட்டு ஏலத்தில் லூவான் நூற்றிருபது கேலன் கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்து வந்து, உப்பைக் கலக்கி, பவளம் வளர்க்கத் தொடங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது. பவளத்துக்கு வெயில் வேண்டும். சமவெளி வீட்டுக்குள் வெயிலைக் கொண்டுவர அவள் வைத்திருந்தவை பழைய பாணி ஆவி விளக்குகள். மீன் வறுக்கலாம் போலக் கொதிப்பவை. 2009 ஜூலையில் தொட்டித் தண்ணீர் சூடேறி, கிளைப்பவளம் பாதி வெளுத்து, ஒரே வாரத்தில் எலும்பாக நின்றது. வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் டுவேன் உள்ளாடையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எல்.இ.டி. விளக்கு சூடாகாது என்று பவளம் வளர்ப்பவர்கள் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார்கள். கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. “நாம பத்தவைக்காத ஒயரா? நாமே செஞ்சிடுவோம்” என்றாள் லூவான்.

ஜனவரி முதல் ஏழு சனிக்கிழமைகள். லூவானின் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, தொழிற்சாலையில் கேட்டு வாங்கிவந்த அலுமினியத் துண்டின்மேல் வேலை நடந்தது. பின்பக்கம் சீப்புப்பல் போல விளிம்புகள் உள்ள கனமான பலகை அது. எல்.இ.டி. சில்லுகளின் சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடுவதற்கு. ரோண்டா அளந்து துளை போட்டு, திருகாணிக்கு மறை வெட்டினாள். லூவான் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒவ்வொரு சில்லின் அடியிலும் சாம்பல்நிறப் பசையை அரிசி அளவு தடவி, திருகி, ஒயரைப் பற்றவைத்தாள். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு சில்லு. அதில் ஒன்று செத்தாலும் பன்னிரண்டும் இருட்டு. இதெல்லாம் அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். லூவான் செய்த வேறுபாடு ஒன்றுதான். எந்த நிறம் எந்த இடத்தில் என்று மற்றவர்கள் இணையத்தில் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு சில்லையும் தனியாக எரியவிட்டு, தொட்டியின்மேல் பிடித்து, பவளங்களைப் பார்த்தாள். எதற்கு அவை வாய் திறந்தனவோ அதை அடுத்ததாக வைத்தாள். கையில் சூட்டுக்கோலோடு இருந்ததால் அவள் சொல்லச் சொல்ல ரோண்டா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“எழுது. மூணு நீலம், ஒரு ஊதா, அப்புறம் வெள்ளை.”

“ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதான் எல்லாரும் போட்டிருக்காங்கடி.”

“எல்லாருக்கும் வாய் இருக்கு. இதுக்கும் இருக்கு. இது திறக்குது பாரு.”

ரோண்டா குனிந்து பார்த்தாள். “எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுது. நீ சொல்லு, எழுதிக்கிறேன்.”

இப்படி எண்பத்துநான்கு சில்லுகள். எட்டாவது சனிக்கிழமை மதியம் பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டு, முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் கருகும் என்பதால் கால்வாசியில் வைத்து ஏற்றினார்கள். மூன்றேகாலுக்குக் கடல் வந்தது.

பிறகு அது தினமும் வந்தது. மூன்றேகாலுக்கு ஏறும், ஏழுக்குள் வடியும், ஞாயிறு விடுமுறை கிடையாது. ஏற்றத்தின்போது மீன்கள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வரவேற்பறைக்கு நீந்தி வந்து, சோபாவின் அடியில் மேய்ந்து, வடியுமுன் தாமாகவே திரும்பின. ஒருமுறை கோமாளி மீன் ஒன்று தாமதித்துவிட்டது. மறுநாள் தானியக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோது டுவேன் அதைத் தன் சட்டைப் பையில் உயிரோடு கண்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்து விட்டுவிட்டுப் போனான். மூளைப்பவளம் மூன்று மாதத்தில் சாய்வு நாற்காலி அளவு வளர்ந்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் கம்பளத்தைத் தடவிப் பார்த்து, நனையாத வெள்ளத்துக்குத் தங்களிடம் படிவம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். முதியோர் இல்லத்திலிருந்து மூட்டுவலிக்காரர்கள் வேனில் வந்து, கால்சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு வரவேற்பறையில் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் தடியை மறந்து வைத்துவிட்டார்கள். யார் எந்த நாள் வரலாம் என்ற பட்டியலை ரோண்டா எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். கதவைத் திறப்பதும், செருப்பை வாங்கி வைப்பதும், வந்தவர்களுக்கு விளக்கைப் பற்றி விளக்கிச் சொல்வதும் அவள்தான். லூவானுக்கு அந்நியர்களிடம் பேச வராது. அவள் தொட்டியின் அருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பவளங்கள் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்று பின்னால் யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, பார்த்தவர்களுக்கே தெரிந்தது.

டுவேனைப் பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை. அவன் நல்லவன். முப்பது வருடமாகக் கிடங்கின் தூசியை விழுங்கியவன். வேலை முடிந்து வந்தால் உலர்ந்த தரையில் காலை நீட்டிக்கொண்டு ஒரு பீர் குடிக்க வேண்டும், சனிக்கிழமை மாநிலக் கல்லூரி அணியின் பந்தாட்டம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. இப்போது ஆட்டத்தின் நடுவில் ரிமோட் மிதந்து போய்விடும். முதியோர் இல்லத்துக் கிழவர்கள் திரையை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவன் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

அந்த ஆண்டு நவம்பர் இரண்டாவது ஞாயிறு மதியம், லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பவளத்தொட்டிக் கழகத்தின் மாதக் கூட்டம் நடந்தது. இருபது பேர் இருப்பார்கள். வழக்கம்போலப் பெரிய பாத்திரத்தில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை இனிப்பு ரோலும். கழகத் தலைவர் எல்டன் வீஸ், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், முந்தின நாள் தபாலில் வந்திருந்த மீன்தொட்டிப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். கொலராடோவிலுள்ள ஒரு விளக்கு நிறுவனம் புதிய விளக்கு ஒன்றை அறிமுகப்படுத்துகிறது, இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை, நடுவில் ரோண்டாவின் படம். விளக்கின் பெயரே ‘ரோண்டா’. ஓரத்தில் நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள், ரோண்டாவின் உருண்டைக் கையெழுத்தில் மூன்று நீலம், ஒரு ஊதா, ஒரு வெள்ளை. நம் ஊருக்குப் பெருமை என்று நினைத்து எல்டன் அதை உரக்கப் படித்தார்.

“‘இந்த வரிசையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது’ என்கிறார் திருமதி மார்ட்டென்சன். ‘என் தோழி லூவான் வீட்டில் ஒரு தொட்டி இருந்தது வசதியாகப் போயிற்று. அவள் காபியும் நன்றாகப் போடுவாள்.’”

எல்டன் அதோடு நிறுத்திவிட்டார். அடுத்த வரியும் இருந்தது, ஆனால் அவர் படிக்கவில்லை. யாரோ கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

லூவான் மேசையின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பத்தொன்பது வருடமாகப் பார்த்த அதே இடம்.

“நீ சொன்னியா இதை?”

“நான் நிறைய சொன்னேன் லூவான். அவங்க வெட்டிப் போட்டுட்டாங்க.”

“காபின்னு சொன்னியா?”

ரோண்டா தட்டைப் பார்த்தாள். “நல்ல காபின்னுதான் சொன்னேன்.”

“எப்ப வந்தான் அந்தக் கம்பெனி ஆளு?”

“செப்டம்பர்ல. நீ லிங்கன்ல உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப. விளக்கை இறக்கிப் பார்த்தான், அளந்தான், போட்டோ எடுத்தான்.” பிறகு, சொல்லியிருக்கவே வேண்டாத ஒன்றைச் சொன்னாள்: “நான் ஒண்ணும் திருட்டுத்தனமா செய்யல. டுவேனைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்.”

டுவேன் லூவானின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாதி கடித்த ரோல் கையில் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அதை வாய்க்குக் கொண்டுபோவதா கீழே வைப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீ கதவைத் திறந்துவிட்டியா?”

“அவங்க ஊர்ல பெருசா செஞ்சாங்கன்னா, பார்க்கிறவங்க அங்க போய்ப் பார்ப்பாங்கன்னு ரோண்டா சொன்னா.” அவன் குரல் தாழ்ந்திருந்தது. “எனக்கு வீடு வேணும்போல இருந்துச்சு கண்ணு. கடல் இல்ல. வீடு.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“நீ அப்படி உட்கார்ந்திருப்ப, அந்த முக்காலியில. எப்படிச் சொல்றது?”

லூவான் எழுந்து, தன் தட்டைக் கழுவி, துடைத்து அடுக்கில் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள். அவள் தேவாலயத்தின் படியேறிக்கொண்டிருந்த நேரத்தில் கோனிக் தெருவில் அன்றைய ஏற்றம் வடியத் தொடங்கியிருந்தது, வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னதாகவே. எதிர்வீட்டுக்காரர் இலை வாரிக்கொண்டிருந்தார். வாசல் கதவின் கீழ் இடுக்கு வழியாக மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, நடைபாதை ஓரமாக, கணுக்கால் உயரக் காற்றில் வரிசையாக நீந்தி, கிளார்க் தெரு பக்கம் திரும்பியதைப் பார்த்ததாக அவர் சொன்னார். கோமாளி மீன்கள் முன்னால், நீலவாலன்கள் பின்னால். நாய் ஒன்றும் குரைக்கவில்லை. லூவான் வீட்டை அடைந்தபோது தொட்டியில் தண்ணீர் இருந்தது, பவளங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தன, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்பத்துநான்கில் ஒன்றுகூடச் சாகவில்லை. மறுநாள் மூன்றேகாலுக்கு அவள் கால்சட்டையை மடக்கிவிட்டு வரவேற்பறையின் நடுவில் நின்றாள். நான்கு மணி வரை நின்றாள். கம்பளம் கம்பளமாகவே இருந்தது. கடல் அந்த நேரத்தில் ரோண்டாவின் சாப்பாட்டு அறையில், நிறுவனம் முதல் விளக்கென்று அவளுக்கு அனுப்பியதன் கீழே, இடுப்பளவு ஏறியிருந்தது. ரோண்டாவிடம் ஒரு மீன்தொட்டி கூடக் கிடையாது.

மனிதர்கள் அப்படிச் செய்ததை லூவான் ஏதோ ஒரு வகையில் புரிந்துகொண்டாள். ரோண்டாவுக்கு யாரும் கைதட்டியதில்லை. டுவேனுக்குக் கால் நீட்ட இடம் இல்லை. கடல் அப்படிச் செய்ததுதான் அவளுக்கு விளங்கவில்லை. எட்டு வருடம் அதற்கு உப்புக் கலக்கியவள் அவள். எண்பத்துநான்கு முறை அதன் வாயைப் பார்த்து, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டவள் அவள். கேட்கத் தெரியாதவளிடம் அது போய் இடுப்பளவு நின்றது. இதைப் பற்றி எல்டன் வீஸ் தன் வாழ்நாள் அனுபவத்திலிருந்து ஏதாவது ஆறுதல் சொல்ல முயன்று, பசுக்களைப் பற்றி ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் லூவான் தன் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அன்று முதல் இருவரும் முதுகுக்கு முதுகாக வேலை செய்தார்கள். மருத்துவக் காப்பீடு இருந்ததால் ரோண்டாவும் வேலையை விடவில்லை. மேற்பார்வையாளர்கள் இரண்டு பெயர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. லூவான் அழவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒயர் கோத்த பலகைகள் எந்தெந்த வயலுக்குப் போயினவோ அங்கெல்லாம் அடுத்த கோடையில் மக்காச்சோளம் உப்போடேயே விளைந்தது. அவித்து வெண்ணெய் தடவினால் போதும். பக்கத்து ஹாவர்ட் மாவட்டம் முழுக்க அப்படித்தான். இரத்த அழுத்தக்காரர் ஒருவரைத் தவிர யாரும் புகார் செய்யவில்லை.

டுவேனுக்கு அவன் கேட்ட வீடு கிடைத்தது. தரை உலர்ந்திருந்தது, ரிமோட் வைத்த இடத்தில் இருந்தது, திரையை மறைக்க யாருமில்லை. லூவான் அவனுக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருநாள் சாப்பிடும்போது அவன் கரண்டியை வைத்துவிட்டு, “ஒரு தடவை திட்டிடேன்” என்றான். “எதுக்கு? உனக்கு வேண்டியதுதானே நடந்துச்சு” என்றாள் அவள். வெறுப்பில்லாமல்தான் சொன்னாள். பிப்ரவரியில் அவன் தன் அண்ணனின் பன்றிப் பண்ணைக்குக் குடிபோனான். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டைச் சூடாக்கும் உலையின் காற்று வடிகட்டியை மாற்றினாயா என்று கேட்பான். மாற்றினேன் என்பாள். அதோடு வைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருடத் திருமணத்தில் மிஞ்சியது அந்த வடிகட்டிதான்.

‘ரோண்டா’ விளக்குகள் நாடெங்கும் விற்றன. நல்ல விளக்குகள்தான், பவளம் வளர்ந்தது. ஆனால் பீனிக்ஸிலோ, டென்வரிலோ, மினியாபோலிஸிலோ எந்த வீட்டிலும் கணுக்கால் அளவுகூடக் கடல் வரவில்லை. கடலை எதிர்பார்த்து வாங்கியவர்கள் புகார்க் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் ரோண்டாவுக்குக் கடிதம் எழுதியது. முதலில் ஒரு படிவம் வந்தது, பிறகு வக்கீல் கடிதம். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ரோண்டா கோனிக் தெருவுக்கு வந்து அழைப்பு மணியை அடித்தாள். பத்தொன்பது வருடம் பின்கதவு வழியாக வந்தவள் அன்று முன்கதவில் நின்றாள். முடி நரைத்து, காதோரத்தில் உப்புப் பூத்திருந்தது. லூவான் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. இருவரும் வலைக்கதவின் இரு பக்கமும் நின்று பேசினார்கள்.

“என்ன விட்டேன்னு தெரியல லூவான். நோட்டுல இருக்கிறபடியேதான் செய்யிறாங்க. வர மாட்டேங்குது. நீ ஏதாவது சொல்லாம விட்டியா?”

“சொன்னதெல்லாம் நீ எழுதின. சொல்லாதது ஒண்ணும் இல்ல.”

“அப்ப ஏன் என் வீட்டுக்கு மட்டும் வருது?”

“அதை நான் கேக்கணும்.”

ரோண்டா வலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். “நீதான்டி செஞ்ச அந்த விளக்கை. எனக்குத் தெரியாதா? துளை போட்டது நான், அவ்வளவுதான். நீதான் செஞ்ச.”

“என்கிட்டச் சொல்லாத. எனக்குத் தெரியும்.” லூவானின் குரல் உயரவே இல்லை. “அங்க போய்ச் சொல்லு.”

“நான்தான் செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். சொன்னா என்னைத் தொலைச்சிடுவாங்க.”

“நான்-னு சொன்ன எடத்துல நாங்க-ன்னு சொல்லியிருந்தா போதும் ரோண்டா. நான் அதுக்கு மேல கேட்டிருக்கவே மாட்டேன். பேரு, படம், பத்திரிகை, எல்லாம் நீயே வச்சிருந்திருக்கலாம்.”

ரோண்டா வலைக்கதவிலிருந்து கையை எடுத்தாள். படியிறங்கிப் போனாள். அவள் கொலராடோவுக்குப் போய்ச் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவளுக்குத் துணிவு வரவில்லை. மே மாத இறுதியில் வக்கீலுக்கு, என்ன விடுபட்டதென்று தனக்கு நினைவில்லை என ஒரு வரி எழுதி அனுப்பினாள். அடுத்த ஆண்டு நிறுவனமும் அந்த விளக்கை நிறுத்திவிட்டது.

2014 வசந்தத்தில், கொக்குகள் வடக்கே கிளம்பிய வாரத்தில், ரோண்டாவின் வீட்டில் ஏற்றம் கூரையைத் தொட்டு, ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கியது. முதலில் அவள் வாசல் புல்வெளி, பிறகு கிளார்க் தெரு, ஜூன் மாதத்தில் கோனிக் தெரு முழுக்க. மூன்றேகால் முதல் ஏழு வரை, தொடையளவு. தபால்காரர் காலையில் வரத் தொடங்கினார். பள்ளிப் பேருந்து ஒரு தெரு சுற்றிப் போயிற்று. மூட்டுவலிக்காரர்களுக்கு இனி யாருடைய பட்டியலும் தேவைப்படவில்லை. லூவானின் வீட்டுக்கு மூன்று படி. கடல் தினமும் இரண்டாவது படி வரை வந்து நின்றது, மூன்றாவதை ஒருநாளும் தொடவில்லை. அவள் வேலையிலிருந்து இரண்டே முக்காலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். ஏழு மணிவரை வெளியே வரமாட்டாள். அவளுடைய வீட்டு வாசலிலேயே அலை அடித்தது, பதினாறு மாதம் அவள் அதில் கால் வைக்கவில்லை.

2015 ஆகஸ்டில் இரு தெருக்களும் சந்திக்கும் நாற்சந்தியில், சாக்கடை மூடியின்மேல், ஒரு பவளம் முளைத்தது. முதலில் பொத்தான் அளவு. செப்டம்பரில் தட்டு அளவு, பச்சை விளிம்பும் ஊதா நடுவுமாக. கார்கள் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டன. யார் வைத்ததும் அல்ல, யாருடைய தொட்டியிலிருந்து வந்ததும் அல்ல, அந்த வகையைப் புத்தகத்தில் தேடி எல்டன் வீஸுக்குக் கிடைக்கவில்லை. அக்டோபர் நடுவில் ஒரு நாள், வேலைக்குப் போகும் வழியில் லூவான் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். ஊதா மங்கியிருந்தது. எங்கள் ஊர் அக்டோபர் வெயில் பவளத்துக்குப் போதாது, டிசம்பர் வெயிலில் அது எலும்பாகிவிடும். அந்தத் தெருவில் இருபது பேர் அதைத் தினமும் பார்த்தார்கள், அது சாகிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

நான்கு நாள் அவள் தன்னோடு சண்டை போட்டாள். அது ரோண்டாவின் வாசலிலிருந்து வழிந்த கடல். அவளை விட்டுப் போன கடல். அதன் குட்டிக்கு அவள் ஏன் வெயில் செய்து கொடுக்க வேண்டும்? ஐந்தாம் நாள், மூன்றரை மணிக்கு, அவள் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். தொடையளவு தண்ணீரில் கையில் சில சில்லுகளோடும் ஒரு மின்கலத்தோடும் நாற்சந்தி வரை நடந்து, குனிந்து, ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்தாள். நீலத்துக்கு அது அசையவில்லை. ஊதாவுக்கும் இல்லை. சிவப்புக்கு, யாரும் பவளத்துக்கு வைக்காத சிவப்புக்கு, அது வாய் திறந்தது. “அப்படியா?” என்றாள் லூவான். ஐந்து வருடத்துக்குப் பிறகு கடலோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கிளார்க் தெரு முனை வீட்டின் ஜன்னலில் ரோண்டா நின்றிருந்தாள். லூவான் நிமிர்ந்தபோது அவள் கையை உயர்த்தினாள். லூவான் பார்த்தாள், பார்த்ததை மறைக்கவில்லை, பதிலுக்குக் கையை உயர்த்தவும் இல்லை.

விளக்கு மூன்று வாரத்தில் தயாரானது. மழைக்கும் பனிக்கும் தாங்கும்படி கண்ணாடி போட்டு மூடி, நாற்சந்தியின் தெருவிளக்குக் கம்பத்தில் மாட்ட நகர மின்துறையிடம் அனுமதி கேட்டாள். மின்துறையிலிருந்து அமாடோ ரீவாஸ் ஏணியோடு வந்தார். மாட்டி முடித்து, காருக்குமேல் படிவத்தை வைத்து நிரப்பினார்.

“செஞ்சவங்க பேருன்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். ‘பகுதி மக்கள்’னு போட்டுடவா? வழக்கமா அப்படித்தான் போடுவோம்.”

“போடாத. லூவான் குசேரா.”

“நீங்க ஒருத்தரேவா?”

“துளை போட்டது, பசை தடவினது, பத்தவச்சது, எந்த நிறம்னு பார்த்தது. எல்லாம் ஒருத்திதான். எழுதுப்பா.”

அவர் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். “சி இல்ல. கே-வுல ஆரம்பிக்கும்.” அவர் அடித்துவிட்டு மீண்டும் எழுதினார். அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகுதான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மின்துறைக் கோப்பில் அது அப்படித்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

ரோண்டா 2018இல் ஓய்வு பெற்றாள். தொழிற்சாலை உணவறையில் கேக் வெட்டினார்கள். லூவான் போனாள், ஒரு துண்டு சாப்பிட்டாள், தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினாள். இருவரும் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றேகால் மணிக்கு இருவரும் அவரவர் வாசலில் தண்ணீரில் நிற்பதை இப்போதும் பார்க்கலாம். ஒரே கடல், இரண்டு முனை. பவளம் இன்று ஒரு சிறிய கார் அளவு இருக்கிறது. நகராட்சி அதைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. பனிக்காலத்தில் தெருப் பனியை வண்டியால் தள்ளி வருபவர்கள் அந்த நாற்சந்தியை நெருங்கும்போது வண்டியின் முன்னாலுள்ள பனித்தகட்டைத் தூக்கிக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தின் கீழே மெதுவாக வளைந்து, மறுபக்கம் போய் மீண்டும் இறக்குகிறார்கள்.